மேற்கே பார்த்த படையல்

புஷ்பவல்லிக்கு எதுவும் லேசில் குமட்டாது. காசிமேட்டு மார்க்கெட்டில் முப்பது வருஷமாக மீன் ஆய்கிறவள் அவள். செவுளைப் பிடுங்கி, குடலை உருவி, செதிலைச் சுரண்டி, கத்தியை வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடுவாள். வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார்கள். இவள் அதே கையால் டீ கிளாஸை வாங்கிக் குடிப்பாள். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது, கரையில் ஒதுங்கிய கறுத்த மீனைக் கூடையில் அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டாள். அப்படிப்பட்டவள் போன ஆடி மாசம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், சாக்கடை ஓரமாகக் குந்தி, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். அவள் கண்ணில் பட்டது அழுகல் எதுவுமில்லை. தன் புருஷனுடைய தாத்தாவைப் பற்றி ஒரு நல்ல மனிதர் அன்பாகச் சொன்ன நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள், அவ்வளவுதான்.

அந்தத் தாத்தாவின் பெயர் தேசப்பன். திருவொற்றியூருக்கு வடக்கே, அலைக்குத் தடுப்பாகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிற கரையை ஒட்டின குப்பத்தில் அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் சாமி. அவர் பெயரில்தான் படகு ஓடுகிறது. முகப்பில் சிவப்புப் பெயிண்டில் ‘தேசப்பன் துணை’ என்று எழுதியிருக்கும். வீட்டு மூலையில் அவருக்கு ஒரு செங்கல், அதற்கு மஞ்சள் பூச்சு, குங்குமம். இரண்டாம் உலகச் சண்டையில் பட்டணத்தில் குண்டு விழப்போகிறதென்று பாதி ஊர் காலியாகிக் கிடந்த சமயம், ஒரு விடியற்காலை கட்டுமரத்தில் தனியாகப் போனாராம். கட்டுமரம் கவிழ்ந்து கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. கடல் அன்றைக்குக் குளம் மாதிரி கிடந்திருக்கிறது. கடலில் பிறந்து வளர்ந்த ஆள் அலையே இல்லாத கடலில் எப்படிச் செத்தான் என்று குப்பம் கேட்டது. அதற்குப் பதில் சொன்னவர் தேசப்பனின் தம்பி எல்லப்பன். “அண்ணி தலைக்கு ஊத்திகினு ஈர முடியோட எதிர்ல வந்து நின்னுச்சு. அப்பவே எனக்கு மனசு சரியில்ல” என்றார்.

போதாதா? அண்ணிக்காரி பூவம்மாவின் வளையலை உடைத்து, தாலியை அறுத்து, புருஷனைக் கடலுக்குத் தின்னக் கொடுத்தவள் என்ற பட்டத்தையும் கட்டி மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு சட்டம். படகு தள்ளுகிற நேரத்தில் வீட்டுப் பெண்கள் கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். படகு கண் மறைந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்கலாம். மூன்று தலைமுறையாக மருமகள்களைக் கோழி அடைக்கிற மாதிரி அடைத்து வைத்திருக்கிறார்கள். புஷ்பவல்லியும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அடைந்துதான் கிடந்தாள்.

அவள் மருமகளாக வந்தபோது பூவம்மா உயிரோடு இருந்தாள். வற்றிப்போன உடம்பு, மொட்டைக் கழுத்து. வீட்டுக்குப் பின்னால், கடல் தெரியாத பக்கமாக உட்கார்ந்து நாளெல்லாம் மீன் ஆய்வாள். பெற்ற மகன் மாசிலாமணி கடலுக்குக் கிளம்பும்போது எதிரே வரக்கூடாதென்று அவளைத் திரும்பி உட்காரச் சொல்வார். அந்த மகன்தான் புஷ்பவல்லியின் மாமனார். அவர் சாகிறவரைக்கும் அம்மா கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. என் அப்பனைத் தின்றவள் என்று நேராகவே சொல்வார். பூவம்மா அதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டாள். அவள் தானாகப் பேசியது ஒரே ஒரு பெருமையைத்தான்.

“எனுக்கும் ஒரு பெரிய வூட்டு வாடிக்கை இருந்துச்சுமே” என்பாள் புஷ்பவல்லியிடம். “கொருக்குப்பேட்டையில ரயில்வே ஆபீசர் வூடு. ஞாயித்துக்கெயமைக்கு நான் ஆய்ஞ்ச மீன்தான் வோணும்னு கேப்பாங்களாம். என் கொயுந்தன்தான் எத்துகினு போயி குடுத்துட்டு வருவாரு.”

ஆடி அமாவாசைக்குச் சாமிக்குப் படையல். குப்பத்தில் கடலில் போனவர்களுக்குப் படைக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். மணைப் பலகையைக் கடலைப் பார்த்துப் போட்டு, இலை விரித்து, அவர் தின்றது குடித்தது எல்லாம் வைத்துக் கும்பிட்டு, கடைசியில் அந்த இலையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அலையில் விடுவார்கள். உன்னிடம் வந்தவன் பங்கு, வாங்கிக்கொள் தாயே என்று கடலிடம் சொல்லி விட வேண்டும். இந்த வீட்டில் மட்டும் மணை கடலுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்துக் கிடக்கும். இலை ரோட்டுப் பக்கம் போய் மாட்டுக்குப் போகும். கேட்டால், சாமிக்குக் கடல்மேல் தீராத கோபம், அது முகத்தில் முழிக்க மாட்டார் என்பார்கள். சொல்கிறபோது ஒரு நெஞ்சு நிமிர்த்தல் வேறு.

புஷ்பவல்லியின் மகன் அர்ஜுனுக்குக் கல்யாணமாகி, பழவேற்காட்டிலிருந்து ரேகா மருமகளாக வந்தாள். வந்த வருஷமே படையலன்று, “ஏன் அத்தே மேக்கால போடறீங்க? எங்க ஊர்ல கடல்ல போனவங்களுக்குக் கடலைப் பாத்துதான போடுவாங்க” என்று கேட்டுவிட்டாள். நாத்தனார், பங்காளி என்று உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவள்மேல் பாய்ந்தார்கள். புஷ்பவல்லியும் சும்மா இருக்கச் சொல்லிக் கண் காட்டினாள். ஆனால் கேள்வி அவள் காதிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் போன ஆனி மாசம், அர்ஜுன் செல்போனை மறந்துவிட்டுக் கரைக்குப் போனான். ரேகா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். படகு நகர்கிற நேரம், தலைக்குக் குளித்த ஈரத்தோடு முன்னால் போய் நின்று நீட்டினாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது படகு கருங்கல்லில் மோதி அடிப்பக்கம் பிளந்தது. அர்ஜுனுக்குக் கையில் தையல். கரை முழுக்கக் கல்லைக் கொட்டி, படகு ஏற ஒரு பாய் அகலத்துக்குத்தான் வழி விட்டிருக்கிறார்கள். மாசத்துக்கு ஒரு படகாவது அதில் மோதத்தான் செய்கிறது. அதை யாரும் பேசவில்லை. இன்னொரு பூவம்மா வந்துவிட்டாள் என்றுதான் பேசினார்கள். புஷ்பவல்லியின் புருஷன் தாமோதரன் மூத்தவர்களைக் கூட்டி முடிவும் எடுத்துவிட்டான். படகுக்கு ஒட்டுப் போட்டு அமாவாசைக்கு மறுநாள் கடலில் இறக்குவது. அதற்கு முன்னால் ரேகாவைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. எப்போது திரும்ப அழைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அர்ஜுன் தையல் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பெற்றவளுக்கே அந்த உட்காரலைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

ரேகா அழவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “நானும் பின்னாடி குந்திகினு மீன் ஆய்ஞ்சுட்டே சாவணுமா அத்தே?” என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகாமல் புஷ்பவல்லி திருவொற்றியூருக்குப் போனாள். மணையை மேற்கே திருப்பியவர் எல்லப்பன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர் மகள் நாகபூஷணம் இருக்கிறாள். எண்பதைத் தொட்டுவிட்டாள், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மகன் வீட்டில் டிவிக்கு முன்னால் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். புஷ்பவல்லி ரேகா விஷயத்தைச் சொல்லிவிட்டு, “சாமிக்கு ஏன் அத்தே மேக்கால படைக்கறோம்? எத்தினி பேரு கடல்ல போயிகீறாங்க, இவுருக்கு மட்டும் இன்னா கோவம்?” என்று கேட்டாள்.

கிழவி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவுரு எங்கமே கடல்ல போனாரு? கொருக்குப்பேட்டையில இல்ல இருந்தாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். புஷ்பவல்லி ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினாள்.

“இன்னாத்துக்கு நிறுத்தற? அது ஒரு கத. அங்க கூட்ஸ் ஷெட்டுல வேல பாத்த வேதக்காரரு பொண்ணு ஒண்ணு. அதும்மேல பிரியம் ஆயிட்சு. ஊர்ல தெரிஞ்சா பஞ்சாயத்து வூட்டையே தள்ளி வெச்சிடும், ஒருத்தனும் நம்ம கட்டுமரத்துல கை வெக்க மாட்டான். அண்ணனும் தம்பியும் பேசிகினு கட்டுமரத்தக் கவுத்து வுட்டாங்க. நம்ம பக்கம் பெரிய ஆம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும். மாசிலாமணிக்குத்தான் சொல்லல, ஆத்தாளாண்ட போயி ஒளறிடுவான்னு.”

“அப்போ படையலு?”

“உசுரோட கீறவனுக்குக் கடலப் பாத்து எல போட்டா, அது நெசமாவே கூப்ட்டுக்கும்ல? எங்க நைனா பயந்துட்டாரு. அதான் அவுரு கீற பக்கமா மணையத் திருப்பிட்டாரு. கடலாண்ட பொய் சொல்ல முடியுமா?”

“பூவம்மாவாண்ட மட்டும் பொய் சொல்லலாமா?”

“அதுக்கு இன்னா, பாவம். எங்க நைனா சோத்துக்குக் கொற வெக்கலியே. செத்தாருன்னா ஏன் செத்தாருன்னு ஊரு கேக்குதுல்ல, இன்னாத்தையாவது சொல்லணும்ல” என்றாள் நாகபூஷணம். பிறகு, பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு தானும் கொருக்குப்பேட்டைக்கு மீன் தூக்கிக்கொண்டு போனதையும், அந்த வீடு எந்தச் சந்து என்பதையும், அங்கே தின்ன பிஸ்கெட்டையும் பற்றிச் சொன்னாள். பிஸ்கெட் நன்றாக இருக்குமாம்.

பூவம்மா பெருமையாகச் சொன்ன ரயில்வே ஆபீசர் வீடு அதுதானோ என்று புஷ்பவல்லிக்கு அப்போதே உறைத்தது. ஆனாலும் இருக்காது என்று நினைக்கவே மனசு விரும்பியது. மனுஷன் இவ்வளவு கலீஜாக இருக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக ஊர்ந்து முடிகிறவரை வெயிலில் நின்றாள்.

வீட்டில் இருந்தவர் அலெக்ஸாண்டர், தேசப்பனின் அந்தப் பக்கத்துப் பேரன். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லப்பனின் குப்பத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் புஷ்பவல்லி சொன்னாள். அவருக்கு ஒரே சந்தோஷம். “எல்லப்பன் தாத்தா ஊரா? உள்ள வாம்மா” என்று உட்காரவைத்து டீ போடச் சொன்னார். சுவரில் ஏசுநாதர் படத்துக்குக் கீழே ஒரு பழைய போட்டோ. கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த ஆளுக்குத் தாமோதரனின் முகம். அதே விரிந்த காது, அதே ஒட்டின புருவம். கன்னத்தில் நல்ல சதை. கட்டுமரத்தோடு முழுகினவன் மாதிரியா இருந்தான்? நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி எழுந்தவன் மாதிரி இருந்தான்.

“எங்க தாத்தா தங்கமான மனுஷன். எங்களுக்கு ஒரு கொறையும் வெச்சதில்ல” என்றார் அலெக்ஸாண்டர். “நான் ஸ்கூல் படிக்கும்போது இதே வூட்லதான் தூக்கத்துலயே போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்தா எங்களுக்கு மீன் கொழம்பு. எல்லப்பன் தாத்தா கொண்டாந்து குடுப்பாரு. அப்டியே சட்டியில போட வேண்டியதுதான், அவ்ளோ சுத்தமா ஆய்ஞ்சிருக்கும், ஒரு செதில் இருக்காது. எங்க பாட்டி சொல்லும், ஆய்ஞ்ச கை எந்த மகராசியோ, அவ நல்லா இருக்கணும்னு.”

புஷ்பவல்லி டீயைக் கீழே வைத்தாள். “பாட்டி அப்டி சொல்லச்சே தாத்தா இன்னா சொல்வாரு?”

“அவரா? ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சாப்புடுவாரு.”

அந்த மனிதர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருடைய பாட்டிக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதனால் புஷ்பவல்லி கும்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் வெளியே வந்தாள். கேட் வரைக்கும்தான் தாங்கியது. தேசப்பன் முப்பது வருஷத்துக்கு மேல் வாரம் தவறாமல், தாலியறுத்த பொம்பளை கையால் முள் தட்டாமல் ஆய்ந்து வாங்கி, அதைத் தின்றுவிட்டுக் கை கழுவியிருக்கிறான். தம்பிக்காரன் கூசாமல் அந்தப் பொட்டலத்தை அவளிடமே வாங்கியிருக்கிறான். அதை ஒரு பெருமையென்று அந்தப் பாவி மகள் சாகிறவரை நெஞ்சில் வைத்திருந்தாள். இதற்கு வாந்தி வராமல் என்ன வரும்? எழுந்து வாய் கொப்பளித்தபோதும் அவளுக்கு நாக்கில் கசப்பு போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே தாமோதரனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான்.

“உங்க நைனா பெத்த தாயி கையால தண்ணி வாங்கிக் குடிக்காம செத்தாரு” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சா ரேகாவ இருக்கச் சொல்லு.”

“செத்துப்போன கெயவன் கதயக் கிளறிகினு பேஜாரு பண்ணாத. ஊர்ல தெரிஞ்சா இன்னா மருவாத? படகு பேர மாத்தச் சொல்றியா? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. அமாவாசையன்னிக்கு அவங்கப்பன் வந்து கூட்டிகினு போவட்டும்” என்று ஈயத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். புஷ்பவல்லி அவன் காதைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு போட அவளுக்குக் கை வரவில்லை, ரேகாதான் போட்டாள்.

அமாவாசையன்று விடிந்ததிலிருந்து சமைத்தாள். வஞ்சிரக் குழம்பு, இறால் வறுவல், வடை. பக்கத்தில் புது வேட்டி, சுருட்டு, பாட்டில். ரேகாவின் பை வாசலில் தயாராக இருந்தது. அவள் அப்பா பழவேற்காட்டிலிருந்து வந்து ஓரமாக நின்றார். நாத்தனார், பங்காளிகள் எல்லாம் கூடி, தாமோதரன் கற்பூரம் ஏற்றப் போகிற நேரம் புஷ்பவல்லி மணையைத் தூக்கிக் கிழக்கே பார்த்துப் போட்டாள்.

“இன்னாடி பண்ற?” என்றாள் நாத்தனார்.

“கடல்ல போனவருக்கு ஊரே எப்டி படைக்குதோ அப்டியே படைப்போம் அண்ணி.” புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். “எலய எடுத்துகினு போயி அலையில வுடுய்யா. ‘தாயே, உங்கையில செத்தவன், இவம் பங்க வாங்கிக்க’ன்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. நீ சொல்லிட்டா ரேகாவ நானே பஸ் ஏத்தி வுடறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

பங்காளி ஒருவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. “நல்லதுதானே, வுடு தாமு” என்றார். மறுக்க வழியில்லாமல் தாமோதரன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கல்லைத் தாண்டி இறங்கினான். எல்லோரும் பின்னால் போனார்கள். ரேகாவும் போனாள். புஷ்பவல்லி கல் மேட்டிலேயே நின்றுகொண்டாள். அவன் துணிந்து சொல்லிவிட்டால் ரேகாவின் கதை முடிந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, திரும்ப எடுக்க முடியாது.

தாமோதரன் முழங்கால் தண்ணீரில் நின்றான். ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்தது. வாய் திறந்தான், மூடினான். குழம்பு இலையிலிருந்து ஒழுகி முழங்கை வரைக்கும் இறங்கியது.

“சொல்லுடா, கையி நோவுதுல்ல” என்றாள் நாத்தனார்.

அவன் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. “நாளைக்கு என் புள்ள இந்தத் தண்ணியிலதான் போவணும். என்னால முடியாது.”

“இன்னாடா முடியாது?”

“அவுரு இதுல சாவல.”

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவன் தண்ணீரில் நின்றபடியே சொல்ல வேண்டியதாயிற்று: கொருக்குப்பேட்டை, ஞாயிற்றுக்கிழமை மீன், கவிழ்த்து விட்ட கட்டுமரம். மூத்த பங்காளி மட்டும் எதுவும் கேட்கவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியும் என்பது புஷ்பவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கடலாண்ட ஒரு பொய்யி சொல்ல உங்க எல்லாருக்கும் குலை நடுங்குது. ஒரு பொம்பளையாண்ட சொல்லச்சே யாருக்கும் நடுங்கல, இல்ல?” என்றாள்.

தாமோதரன் கரையேறி வந்து, ஒழுகுகிற இலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ரேகாவின் அப்பா, வாசலில் இருந்த பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போக வேண்டும் என்று கிளம்பினார்.

மறுநாள் விடியற்காலை படகு இறக்கினார்கள். புஷ்பவல்லி ரேகாவை எழுப்பித் தலைக்குக் குளிக்கச் சொன்னாள், தானும் குளித்தாள். இரண்டு பேரும் துவட்டாத முடியோடு கல்லைத் தாண்டிப் போய், படகு இறங்குகிற வழிக்கு நேர் எதிரே நின்றார்கள். அந்த வீட்டுக்கு வந்து முப்பத்துச் சொச்சம் வருஷத்தில், தன் படகு கடலில் இறங்குவதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். தாமோதரன் தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தான். குனிந்து படகைத் தள்ளினான்.